சொல்லாமல் ஊருக்கு வந்துவிடட்டுமா?

திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்த 26 வயது வாசகி ஒருவர் மாலைதீவிலிருந்து எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர். நகரில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்து வந்தார். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு முகவர் மூலம், சிறிய தீவொன்றில் உள்ள பாடசாலைக்கு தரம் இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கில ரீச்சராகப் போயிருக்கிறார். ஒப்பந்தம் இரண்டு வருடம். முகவருக்குக் கொடுப்பதற்காக அம்மாவின் எட்டுப் பவுண் நகை அடகில் இருக்கிறது. வகுப்பில் 24 பிள்ளைகள், பாடவேளை 35 நிமிடம். பிள்ளைகள் ஓயாமல் தங்கள் தாய்மொழியான திவெஹியில் கதைக்கிறார்கள், இவர் கத்தினால் ஒரு நிமிடம் அடங்குகிறார்கள், பிறகு பழையபடி. வகுப்பைப் பார்க்க வந்த லீடிங் ரீச்சர் (பொறுப்பான மூத்த ஆசிரியர்), "நீங்கள்தான் கூடக் கதைக்கிறீர்கள்" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தாய், "மிஸ்ஸின் உச்சரிப்பு சரியில்லை" என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறார். பாடசாலை விட்டு அறைக்கு வந்தால் அழுகை. அம்மாவுடன் ஒரு நாளைக்கு மூன்று தடவை வீடியோ அழைப்பு. மீன் இல்லாத சாப்பாடு கிடைப்பதில்லை. பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோன பிள்ளையார் படத்தை வெளியே எடுக்கப் பயம். "இரண்டு வருடத்துக்கு முன் வந்தால் தண்டம் கட்ட வேண்டும், கறுப்புப் பட்டியலில் போடுவார்கள்" என்று முகவர் மிரட்டுகிறார். தாய்லாந்தில் இருக்கும் தோழி, "ரூறிஸ்ட் விசாவில் வா, வேலை எடுத்துத் தருகிறேன்" என்கிறாளாம்.

கேட்டிருப்பவை மூன்று. தவணை விடுமுறைக்கு வருவதுபோல ஊருக்கு வந்து, திரும்பிப் போகாமல் இருந்துவிடலாமா? திருமலையில் படித்த ஒருவருக்கு வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கத் தகுதி இருக்கிறதா? தனக்கு வந்திருப்பது மனநோயா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு விடயத்தை நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் கடந்துபோயிருக்கிறீர்கள். ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை பாடசாலை முடிந்தவுடன் அழுகை வருகிறது என்கிறீர்கள். வெள்ளி, சனி "கொஞ்சம் பரவாயில்லை, உடுப்புத் தோய்ப்பேன், கடற்கரைக்குப் போவேன்" என்கிறீர்கள். ஊர் நினைவுதான் முழுக் காரணமென்றால், வேலையில்லாத அந்த இரண்டு நாளும்தான் உங்களைக் கூடுதலாக வாட்டியிருக்க வேண்டும். ஆகவே, "எனக்கு வெளிநாட்டு வாழ்க்கை ஒத்துவரவில்லை" என்ற முடிவுக்கு நீங்கள் அவசரப்பட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களை உடைப்பது நாளுக்கு ஐந்தாறு தடவை அந்த வகுப்பறையில் நீங்கள் தோற்றுப்போவது. அந்தத் தோல்வியோடு அறைக்கு வரும்போது ஊரும் அம்மாவும் நினைவுக்கு வருவது இயல்பு. வகுப்பறையைத் திருத்த வழி இருக்கிறது. அதைத் திருத்திப் பார்த்துவிட்டு, போவதா இருப்பதா என்று முடிவெடுப்பதுதான் புத்தி.

"மூன்றாம் மாதத்தில் எல்லாருக்கும் இப்படித்தான், பிறகு தானாகச் சரியாகும்" என்று கூட இருக்கும் ரீச்சர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புதிய நாட்டில் முதலில் புதுமையின் மயக்கம், பிறகு நெருக்கடி, பிறகு மீட்சி, பிறகு இணக்கம் என்று படிப்படியாக நடக்கும் எனக் கலேர்வோ ஒபெர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் எழுதினார். அவர் சொன்ன வரிசை உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் பின்வந்த ஆய்வுகளில் பலருக்கு அது பொருந்தவில்லை. கணிசமானோருக்கு மயக்கக் காலமே இல்லை, முதல் நாளிலிருந்தே கஷ்டம்தான். அதனால் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: அடிமட்டம்

"சத்தம் தாங்காமல் ஒருநாள் அடிமட்டத்தால் ஒரு பையனின் கையில் மெதுவாகத் தட்டினேன், ஊரில் எல்லாரும் செய்வதுதானே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் என்னைப் பயப்படுத்திய வரி அதுதான். மாலைதீவில் 2019ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளுக்கு உடல் ரீதியான தண்டனை கொடுப்பதைத் தடை செய்கிறது. "மெதுவாக" என்பதெல்லாம் அங்கே செல்லாது. உச்சரிப்பு சரியில்லை என்று ஒரு தாய் முறையிட்டால் உங்களுக்குப் பயிற்சி தருவார்கள். அடித்தார் என்று ஒரு தாய் முறையிட்டால் விசாரணை வரும், வேலை போகும், பொலிஸ் வரைக்கும் போகலாம். அடிமட்டத்தை மேசையில் வைத்திருக்கவே வேண்டாம். கிள்ளுதல், காதைப் பிடித்தல், வெயிலில் நிறுத்துதல், முழங்காலில் இருத்துதல் எல்லாமே இதற்குள் அடங்கும். அந்தப் பையனை இனி தனியே கண்டித்துக்கொண்டிருக்காமல், நாளுக்கு ஒரு தடவையாவது அவன் பெயர் சொல்லி ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

வகுப்பறையை எங்கே திருத்துவது

சாதாரண தரப் பிள்ளைக்கு ரியூசன் கொடுப்பதும், ஏழு வயதுப் பிள்ளைக்கு மொழி படிப்பிப்பதும் இரண்டு வேறு தொழில்கள். முதலாவதில் ரீச்சர் விளக்குவார், பிள்ளை எழுதும், கடந்தகால வினாத்தாள் செய்யும். அந்தப் பழக்கத்தோடு போனதால்தான் லீடிங் ரீச்சரின் குறிப்பு உங்களைச் சுட்டிருக்கிறது. அவர் எழுதியது குற்றச்சாட்டில்லை, மிகவும் துல்லியமான அறிவுரை. கைபேசியில் ஒரு பாடத்தை, அதிபரிடம் சொல்லிவிட்டு, ஒலி மட்டும் பதிவு செய்து கேளுங்கள். படம் எடுக்க வேண்டாம். 35 நிமிடத்தில் உங்கள் குரல் எத்தனை நிமிடம் கேட்கிறது என்று எண்ணுங்கள். இருபதுக்கு மேல் போனால், பிள்ளைகள் தங்களுக்குள் கதைப்பது அவர்களுக்குச் செய்ய வேறெதுவும் இல்லாததால்தான்.

பாடவேளையை ஐந்து துண்டாக வெட்டுங்கள். முதல் 4 நிமிடம் நாள்தோறும் மாறாத தொடக்கம்: வணக்கம், கிழமை, காலநிலை, எல்லாரும் எழுந்து ஒரு கைதட்டுப் பாட்டு. அடுத்த 7 நிமிடம் புதிய சொற்கள், எட்டுக்கு மேல் போகவே கூடாது. சொல்லைச் சொல்லி, பொருளைக் காட்டி, உடம்பால் செய்ய வையுங்கள். "கதவைத் தொடு", "பையைத் தூக்கு" போன்ற கட்டளைகளைப் பிள்ளை வாய் திறக்காமலே செய்யலாம். புதிய மொழியில் பேசத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல், நீங்களும் யாருக்கு விளங்கியது யாருக்கு விளங்கவில்லை என்று ஒரு பார்வையில் கண்டுகொள்வீர்கள். அடுத்த 10 நிமிடம் சோடி வேலை, அடுத்த 9 நிமிடம் கொப்பியில் எழுத்து, கடைசி 5 நிமிடம் அன்றைய சொற்களை மூடி வைத்துக் கேட்டல்.

சோடி வேலைதான் ரீச்சர்மார் கைவிடுவது. ஆயத்தம் கூட என்பார்கள். கணக்குப் பார்த்தால் அவ்வளவில்லை. 24 பிள்ளைகள் என்றால் 12 சோடி. சோடிக்கு எட்டு அட்டை, மொத்தம் 96. ஒரு ஏ4 தாளை நான்காக வெட்டினால் நான்கு அட்டை, ஆக 24 தாள். ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிந்துவிடும். அட்டைகளைப் பன்னிரண்டு கடித உறைகளில் போட்டு, உறைக்கு இலக்கம் எழுதுங்கள். இலக்கம் எழுதாவிட்டால் அட்டைகள் கலந்து, மூன்றாம் நாளே பாடம் குழம்பும். இதே உறைகளை வைத்து நான்கு விளையாட்டு விளையாடலாம்: காட்டிக் கேட்டல், மறைத்து ஊகித்தல், சோடி சேர்த்தல், வரிசைப்படுத்தல்.

சத்தத்தை அடக்க ஒரேயொரு சைகை போதும், ஆனால் அது ஒவ்வொரு நாளும் அதே சைகையாக இருக்க வேண்டும். கையை உயர்த்தி ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடிப்பது, அல்லது கைதட்டுத் தாளம் ஒன்று, நீங்கள் தட்ட அவர்கள் திருப்பித் தட்டுவது. முதல் இரண்டு நாளும் பாடமே இல்லாமல் அதை மட்டும் விளையாட்டாகப் பழக்குங்கள். இது பிழைப்பது ஓரிடத்தில்தான்: பாதிப் பிள்ளைகள் அடங்கியவுடனேயே ரீச்சர் பேசத் தொடங்கிவிடுவார். அப்படிச் செய்தால் மற்றப் பாதிக்கு, "மிஸ் பேசும்போதும் கதைக்கலாம்" என்று நீங்களே கற்றுக் கொடுத்ததாகிவிடும். கடைசிப் பிள்ளை அடங்கும் வரை பேசாமல் நில்லுங்கள். முதல் வாரம் அது நீண்ட நேரமாகத் தெரியும்.

அறிவுறுத்தலை ஐந்தாறு சொல்லுக்குள் வையுங்கள், செய்தும் காட்டுங்கள். "விளங்கிச்சா?" என்று கேட்டால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். "முதலில் என்ன செய்வாய்?" என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள்.

எழுத்து வேலையில் நீங்கள் கவனித்து எரிச்சல்பட்ட ஒன்று இருக்கிறது. சில பிள்ளைகள் கொப்பியை மறுபக்கமிருந்து திறக்கிறார்கள், வலது ஓரத்தில் தொடங்குகிறார்கள், சில எழுத்துக்களைக் கண்ணாடியில் பார்த்ததுபோல எழுதுகிறார்கள் என்கிறீர்கள். திவெஹியை எழுதும் தானா எழுத்தும், அவர்கள் ஓதப் படிக்கும் அரபு எழுத்தும் வலமிருந்து இடமாகப் போகும். இரண்டையும் ஆங்கிலத்தையும் ஒரே வயதில் தொடங்கும் பிள்ளைக்குக் கை தடுமாறும், அதில் சோம்பல் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியின் இடது தொடக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள், மேசையின் இடது மூலையிலும் ஒரு பச்சை ஒட்டுத்தாள். சில வாரங்களில் புள்ளி தேவைப்படாது.

திவெஹியை வகுப்பில் தடைசெய்யப் போகாதீர்கள். முன்வரிசையில் விளங்கிய பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குத் தன் மொழியில் சொல்லிக் கொடுப்பது உங்களுக்குக் கிடைத்த இலவச உதவி. நீங்களும் ஒரு இருபது சொல் படியுங்கள். திவெஹி சிங்களத்துக்கு நெருங்கிய உறவுமொழி, திருமலைச் சந்தையில் சிங்களம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அவ்வளவு அந்நியமாக இராது. எக, தெக, துன, ஹதர, பஹ என்று நமக்குத் தெரிந்ததை அங்கே எகே, தே, தினே, ஹதரே, ஃபஹே என்பார்கள். ஒருநாள் நீங்கள் ஒன்றிலிருந்து பத்து வரை அவர்கள் மொழியில் எண்ணிப் பாருங்கள், பிழையாக எண்ணினால் இன்னும் நல்லது. மிஸ்ஸைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு ஈடில்லை, மொழி பிழைபட்டால் வெட்கமில்லை என்பதையும் கண்ணால் காண்பார்கள்.

அந்தத் தாய் சொன்ன உச்சரிப்பு

திருமலையில் படித்தவர் ஆங்கிலம் படிப்பிக்கலாமா என்ற கேள்விக்கு, படிப்பிக்கலாம் என்பதே பதில். மாலைதீவுப் பாடசாலைகளில் திவெஹி, இஸ்லாம் தவிர்ந்த பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அதற்காக இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரும் உங்களிடம் இலண்டன்காரியின் குரலை எதிர்பார்க்கவில்லை. ஆனால் "எல்லா உச்சரிப்பும் சரிதான்" என்று சொல்லி உங்களைத் தட்டிக்கொடுக்கவும் நான் தயாரில்லை. தமிழ் நாக்கு ஆங்கிலத்தில் வழக்கமாகச் சறுக்கும் நாலைந்து இடங்கள் இருக்கின்றன, அவை பிள்ளையின் வாசிப்பை நேரடியாகப் பாதிக்கும்.

முதலாவது, மெய்யொலிக்குப் பின்னால் உயிரை ஒட்டுவது. "புக்கு", "பென்னு" என்பது பேச்சில் பெரிய குற்றமில்லை. ஒலிகளைச் சேர்த்து வாசிக்கக் கற்றுக் கொடுக்கும்போது அது பாடத்தையே கெடுக்கும். பூனைக்கான ஆங்கிலச் சொல்லின் ஒலிகளை "க… எ… ட" என்று சொல்லிக் கொடுத்தால், பிள்ளை அவற்றை எத்தனை தரம் சேர்த்தாலும் அந்தச் சொல் வராது. "க்… எ… ட்" என்றால் வரும். புள்ளி வைத்த மெய் என்றால் என்ன என்று தமிழ் படித்த உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, அதே கட்டுப்பாட்டை ஆங்கிலத்திலும் கொண்டுவாருங்கள். ஒலிவழி வாசிப்பில் பலர் ஸ், எ, ட், இ, ப், ன் என்ற ஆறு ஒலிகளோடு தொடங்குவதன் காரணம், அந்த ஆறை வைத்தே நிறையச் சிறு சொற்களைக் கட்டிவிடலாம் என்பதுதான்.

இரண்டாவது, பென்சிலின் முதல் ஒலியும் பந்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே "ப". உதட்டுக்கு முன்னால் இரண்டு விரல் அகலத் தாள் துண்டொன்றைத் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதற்குத் தாள் துள்ள வேண்டும், இரண்டாவதற்கு அசையக் கூடாது. இரண்டுக்கும் அசையாமல் இருந்தால், அந்தத் தாய் கேட்டது இதைத்தான்.

மூன்றாவது, மீனுக்கான சொல்லை "பிஷ்" என்பது. மேற்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வர வேண்டும். திவெஹியில் இந்த ஒலி நிறைய உண்டு, மேலே சொன்ன "ஃபஹே"யைப் பாருங்கள். அதனால் நீங்கள் தவறவிட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் உடனே காது கடிக்கும். நாலாவது, "இஸ்கூல்", "இஸ்டார்" என்று முன்னால் ஓர் "இ" சேர்வது. முதலில் "ஸ்ஸ்ஸ்" என்று பாம்புபோல நீட்டிவிட்டு மீதிச் சொல்லை ஒட்டுங்கள், பிறகு நீட்டலைக் குறையுங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம், அடுத்த நாள் படிப்பிக்கப்போகும் எட்டுச் சொல்லை மட்டும் ஒரு நல்ல அகராதியின் ஒலியோடு ஒப்பிட்டுப் பதிவுசெய்து கேளுங்கள். முழு ஆங்கிலத்தையும் திருத்தப் போனால் வாயே திறக்க மாட்டீர்கள். அந்தத் தாயை ஒளித்துத் திரியாமல், லீடிங் ரீச்சரையும் வைத்துக்கொண்டு ஒரு தரம் சந்தியுங்கள். வகுப்புப் பெற்றோருக்கு வைபர் குழு இருக்குமானால், வாரத்தின் எட்டுச் சொற்களையும் அதில் அனுப்பச் சொல்லி அனுமதி கேளுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத பெற்றோர்தான் உச்சரிப்பைப் பிடிப்பார்கள்.

அறை, சமையல், கைபேசி

அம்மாவுடன் மூன்று அழைப்பு வேண்டாம், ஒன்று போதும். அதுவும் பாடசாலை விட்டு வந்த கையோடு வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் அழுவீர்கள், அதைப் பார்த்து அம்மா அழுவார், இரவு முழுக்க அந்த வீடு நித்திரை கொள்ளாது. இலங்கை நேரம் அங்கத்தைய நேரத்தைவிட அரை மணித்தியாலம்தான் முன்னால், ஆகவே இரவு எட்டு மணிக்கு ஓர் அழைப்பை நிலையாக வைப்பது இருவருக்கும் இலகு. மாலையில் வெளியே போங்கள். சிறிய தீவில் பின்னேரம் பெண்கள் நடப்பார்கள், கயிறு கட்டிய ஜோலி இருக்கைகளில் இருந்து கதைப்பார்கள், சில தீவுகளில் பஷி என்ற பந்து விளையாட்டு விளையாடுவார்கள். ஒரு தடவை கூப்பிட்டுப் போகாவிட்டால் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் திட்டமிட வேண்டும். நம் சம்பலில் இடிக்கும் மாசி தலைமுறை தலைமுறையாக அங்கிருந்துதான் வந்தது, அப்படிப்பட்ட ஊரில் கடைச் சாப்பாட்டில் மீன் இல்லாமல் இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. பருப்பு, முட்டை, தேங்காய், பூசணி, முருங்கையிலை அங்கே கிடைக்கும். மற்ற மரக்கறி படகில் வர வேண்டும், படகு வரும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை, திருமலையில் கச்சான் காற்று வறட்டும் அதே தென்மேற்குப் பருவம், அங்கே மழையும் கடல் கொந்தளிப்புமாக இருக்கும். படகு பிந்தும். அந்த மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்குரிய அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் கையிருப்பில் இருக்கட்டும். நோன்பு மாதத்தில் பகலில் வெளியில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் கூடாது, அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையார் படம் விடயத்தில் உங்கள் பயம் நியாயமானது. வேறு மத வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதையும், பொதுவில் வேறு மதத்தைக் கடைப்பிடிப்பதையும் மாலைதீவு அனுமதிப்பதில்லை. சுவரில் மாட்ட வேண்டாம், படம் எடுத்துப் போட வேண்டாம், பிள்ளைகளிடம் சாமிக் கதை சொல்ல வேண்டாம். அடுத்த பயணத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மனப்பாடமாக இருக்கும் தேவாரத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் சொல்வதை எந்தச் சுங்க அதிகாரியும் கேட்க மாட்டார்.

இது நோயா?

நீங்கள் எழுதியதை வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். நித்திரை வருகிறது, பசிக்கிறது, வெள்ளிக்கிழமையில் மனம் லேசாகிறது. ஆனால் கடிதத்தை வைத்து முடிவு சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வாரம் தொடர்ச்சியாக, விடுமுறை நாளிலும் கூட, பெரும்பாலான நேரம் மனம் கனத்திருந்தால், நித்திரையோ பசியோ கெட்டால், பிடித்த எதிலும் ஆர்வம் போய்விட்டால், "இல்லாமல் போய்விட்டால் நல்லது" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், தீவின் சுகாதார நிலையத்துக்குப் போய் வைத்தியரிடம் சொல்லுங்கள். அங்கிருந்து மாலே இந்திரா காந்தி ஞாபகார்த்த வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கத்தைய சட்டப்படி உங்களுக்கு வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் சுகவீன விடுமுறை உண்டு. ஊரில் அம்மாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அவர் அழைக்கலாம்.

ஒப்பந்தமும் முகவரும்

விடுமுறைக்கு வந்து திரும்பாமல் விடுவதுதான் நீங்கள் எண்ணியிருக்கும் வழிகளில் ஆக மோசமானது. வேலைக்கு வராமல் போனவர் என்று பதிவாகும். கடைசிச் சம்பளம் சிக்கும், சேவைச் சான்றிதழ் கிடைக்காது, அடுத்த நாட்டு வேலைக்கு அந்த ஐந்து மாதத்தை விளக்கவும் முடியாது. விலகுவதென்றால் எழுத்தில் கடிதம் கொடுத்து, ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட முன்னறிவித்தல் காலத்தை முடித்து விலகுங்கள். மாலைதீவின் 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் தகுதிகாண் காலம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு அது முடிந்துவிட்டது. ஆகவே நீங்கள் எழுந்தமானமாக விலகுவதும் சரியில்லை, அவர்கள் உங்களை எழுந்தமானமாக விலக்குவதும் சரியில்லை. ஒரு வருடம் முடிந்தால் 30 நாள் சம்பளத்துடன் வருடாந்த விடுமுறை உண்டு. இன்னொரு வழியையும் நீங்கள் யோசிக்கவில்லை: தவணை முடிவில் வேறு தரத்துக்கோ, தமிழ் ரீச்சர்மார் இருக்கும் வேறு தீவுக்கோ மாற்றம் கேட்பது. கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்பதில் நட்டமில்லை.

"தண்டம்" என்று முகவர் சொல்வதை நம்புவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று விடயம் பாருங்கள். ஒப்பந்தக்காரர் யார், பாடசாலைத் தரப்பா முகவரா? முன்கூட்டி விலகினால் எந்தச் செலவை, எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா? விமான ரிக்கெட் போன்ற உண்மைச் செலவா, வெறும் தொகையா? எழுத்தில் இல்லாத தண்டத்தை வாயால் விதிக்க முடியாது. கறுப்புப் பட்டியல் போடும் அதிகாரம் ஒரு முகவருக்கு இல்லை. நீங்கள் புறப்படும்போது வெற்றுக் கடதாசி ஒன்றில் கையெழுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். அது பற்றி இப்போதே, அவர் அதைப் பயன்படுத்துவதற்கு முன், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு பதிவாக வேண்டும்.

கடவுச்சீட்டு பாடசாலைக் காரியாலயத்தில் "பாதுகாப்புக்காக" இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை வைத்திருக்க வேலை கொடுப்பவருக்கு உரிமை இல்லை. சண்டை போடாமல், "வங்கி வேலைக்குத் தேவைப்படுகிறது, என்னிடமே வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாலேயில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கு அறிவியுங்கள். சம்பளப் பிணக்கென்றால் அங்கத்தைய தொழில் உறவுகள் அதிகாரசபைக்கும், அடுத்து வேலைவாய்ப்பு நியாயசபைக்கும் போகலாம்.

தாய்லாந்துத் தோழியின் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே படிப்பிக்க வேலைக்குரிய பி வகை விசாவும் வேலை அனுமதிப்பத்திரமும் வேண்டும். ரூறிஸ்ட் விசாவில் வகுப்பெடுப்பது சட்டவிரோதம், பிடிபட்டால் தோழி வரமாட்டாள்.

காசு விடயம். மாலைதீவு ருபியாவில் சம்பளம் என்றால், அதை டொலராக மாற்றி அனுப்புவதுதான் அங்கே சிக்கல். டொலருக்கு 15.42 ருபியா என்ற அதிகாரபூர்வ விலையில் வங்கியில் வேண்டிய அளவு டொலர் கிடைப்பதில்லை. பாடசாலைக் கணக்குப் பிரிவில், சம்பளத்தின் ஒரு பகுதியை நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒழுங்கு இருக்கிறதா என்று கேளுங்கள். உண்டியலில் அனுப்பினால் கூடுதலாக வருவதுபோலத் தெரியும், காணாமல் போனால் காட்ட ஒரு துண்டும் இருக்காது. அடகுச் சீட்டில் உள்ள மீட்புத் திகதியை அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பவுணும் ஒரே சீட்டில் இருந்தால், அடுத்த புதுப்பித்தலில் இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்து வைக்க வங்கி சம்மதிக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக மீட்கலாம்.

எட்டு வாரம் அவகாசம் வைப்போம். அந்த எட்டு வாரத்தில் அட்டைகள், சைகை, நாளுக்கு எட்டுச் சொல், ஓர் அழைப்பு ஆகிய நான்கையும் செய்யுங்கள். லீடிங் ரீச்சரிடம், அவருடைய வகுப்பில் இரண்டு பாடவேளை பின்வரிசையில் இருந்து பார்க்கவும், ஆறாம் வாரத்தில் உங்கள் வகுப்பை மறுபடி வந்து பார்க்கவும் இப்போதே திகதி கேளுங்கள். அதன் பிறகும் ஞாயிறு காலையில் வயிறு கலங்கினால், முறையாக விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வாருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை, அடகு நகையைத் திருமலையில் ரியூசன் கொடுத்தும் மீட்கலாம்.

இதற்கிடையில் அம்மா செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கட்டும். உங்கள் கடவுச்சீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களின் பிரதி, பணியகப் பதிவுத் துண்டு, முகவருக்குக் காசு கொடுத்த பற்றுச்சீட்டு அல்லது வங்கி வைப்புத் துண்டு, முகவர் அனுப்பிய மிரட்டல் செய்திகளின் அச்சுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போக வேண்டும். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை அங்கேயே சரிபார்க்கச் சொல்லலாம். பற்றுச்சீட்டு தராமல் காசு வாங்கியிருந்தால், கொடுத்த திகதி, இடம், தொகை, கூட இருந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டு போகட்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு முதலில் அழைத்துவிட்டுப் போனால், முறைப்பாட்டுக்கு வேறு என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம், இரண்டாம் தரம் அலைய வேண்டி வராது.